காஸ்பரோவ் கேட்ட மறுபோட்டியை ஐபிஎம் ஏன் மறுத்தது?

கேட்டவர் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: 1997ல் உலக செஸ் சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்த கையோடு தன் செஸ் கணினி டீப் ப்ளூவை ஐபிஎம் மூட்டை கட்டிவிட்டது, மறுபோட்டி கேட்டும் கொடுக்கவில்லை, அப்படியென்றால் ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கிறது, எல்லாமே பங்கு விலையை ஏற்ற நடத்திய நாடகம்தானே? பார்க்க ஒரே கேள்வி போல இருந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. ஏமாற்று வேலை நடந்ததா என்பது ஒன்று. ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி இவ்வளவு பணம் போட்டு ஒரு செஸ் சாம்பியனைக் கூட்டிவந்து உட்காரவைப்பதில் அதற்கு என்ன ஆதாயம் என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டால் முதலாவதில் பாதி தானாகக் கரைந்துவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் விளையாட்டுப் போட்டிகளுக்கு ஸ்பான்சர் பிடிக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன். செஸ் கிளப் அளவில் ஆடுவேன், அதற்கு மேல் பெருமை பேச ஒன்றுமில்லை. ஐபிஎம்மின் உள்கூட்டங்களில் நான் உட்கார்ந்ததில்லை, ஆகவே அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்வதெல்லாம் வெளியே தெரிந்த தேதி, தொகை, போட்டி விதிகளை வைத்துச் சொல்வதுதான். ஆனால் இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். மேடைப் பேச்சைக் காதில் வாங்காமல், தோற்றவனுக்கு எவ்வளவு, ஆட்டங்களுக்கு நடுவே யார் எதை மாற்றலாம், எல்லாம் முடிந்த பிறகு பொருள் யார் கையில் இருக்கும் என்றுதான் பார்ப்போம். நோக்கம் என்பது அங்கேதான் எழுதியிருக்கும்.

முதலில் பணம். 1996 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் நடந்த முதல் போட்டிக்குப் பரிசு 5 லட்சம் டாலர்: வென்றவருக்கு 4 லட்சம், தோற்றவருக்கு 1 லட்சம். காஸ்பரோவ் 4-2 என்று வென்றார். 1997 மே மாதம் நியூயார்க்கில் நடந்த இரண்டாவது போட்டிக்கு 11 லட்சம் டாலர்: வென்றால் 7 லட்சம், தோற்றால் 4 லட்சம். கவனியுங்கள், முதல் தடவை ஜெயித்ததற்குக் கிடைத்த தொகை இரண்டாம் தடவை தோற்றாலே கிடைக்கும். முடிவு என்னவானாலும் அந்த மனிதர் வந்து உட்கார வேண்டும், அதற்குத்தான் இந்த விலை. எதிர்ப்பக்கம் ஐபிஎம் தன் இயந்திரம் ஜெயித்தால் தன் பரிசைத் தானே எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆக உண்மையில் பணம் ஒரு திசையில்தான் போனது, அதற்குப் பதிலாக வந்தது காஸ்பரோவ் என்ற பெயர்.

அந்தப் பெயர் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு யாரும் அதிகம் பேசாத ஒரு சாட்சி இருக்கிறது. 1995ல் ஹாங்காங்கில் கம்ப்யூட்டர்களுக்கு இடையிலான உலக செஸ் சாம்பியன்ஷிப் நடந்தது. ஐபிஎம் அதில் டீப் ப்ளூவின் முன்மாதிரி என்ற பெயரில் தன் இயந்திரத்தை இறக்கியது. அது, கடையில் பெட்டியில் வாங்கக்கூடிய ஃபிரிட்ஸ் என்ற நிரலிடம், சாதாரண பென்டியம் கணினியில் ஓடிய நிரலிடம், ஒரு ஆட்டத்தில் தோற்றது. பட்டமும் ஃபிரிட்ஸுக்கே போனது. நோக்கம் 'உலகின் சிறந்த செஸ் இயந்திரத்தை உருவாக்குவது' மட்டும்தான் என்றால் அடுத்த வருடமே திரும்பிப் போய் ஃபிரிட்ஸைப் பழிவாங்கியிருக்க வேண்டாமா? போகவில்லை. அதன்பின் டீப் ப்ளூ எந்தக் கம்ப்யூட்டர் போட்டியிலும் கலந்துகொள்ளவில்லை. இயந்திரம் இயந்திரத்தை ஜெயித்தால் செஸ் பத்திரிகைகளில் அரைப் பக்கம் வரும். உலக சாம்பியனை ஜெயித்தால் செஸ்ஸே தெரியாதவன் வீட்டு வரவேற்பறையிலும் அதுதான் பேச்சு.

அடுத்தது ஐபிஎம் அப்போது இருந்த நிலைமை. 1993ல் அந்தக் கம்பெனிக்கு சுமார் 800 கோடி டாலர் நஷ்டம். அந்த வருடம்தான் லூ கெர்ஸ்ட்னர் தலைமைக்கு வந்தார், அதுவும் கணினித் தொழிலுக்கு வெளியிலிருந்து, பிஸ்கட்டும் சிகரெட்டும் விற்ற ஆர்ஜேஆர் நபிஸ்கோவிலிருந்து. பெரிய பழைய கம்பெனி, மெயின்ஃபிரேம் காலத்தோடு முடிந்துபோன கம்பெனி என்று ஊர் பேசிக்கொண்டிருந்த நேரம். 1996 கோடையில் அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் முடிவுகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்பும் ஐபிஎம் அமைப்பு சொதப்பி, உலகத்தின் அத்தனை நிருபர்களும் கூடியிருந்த இடத்திலேயே மானம் போனது. 1997 அக்டோபரில் 'இ-பிசினஸ்' என்ற பெரிய விளம்பர இயக்கத்தைத் தொடங்கினார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது மே மாதத்துப் போட்டி. ஸ்பான்சர் பிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிட நல்ல நேரத்தில் இதைவிட நல்ல சரக்கு எந்த விளம்பரப் பிரிவுக்கும் கிடைத்திருக்காது. ஆனால் அந்தத் தேதிகளை யாரோ உட்கார்ந்து முன்கூட்டியே திட்டமிட்டுக் கோத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கோத்த மாதிரி அமைந்துவிட்டது, அமைந்ததை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சரி, பங்கு விலைக் கதை. 'போட்டி முடிந்ததும் ஐபிஎம் பங்கு எகிறியது, போட்டியே அதற்காகத்தான்' என்று இணையத்தில் எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கும். போட்டி முடிந்தது 1997 மே 11, ஞாயிற்றுக்கிழமை. அந்தக் காலகட்டத்தில் பங்கு நன்றாக ஏறியது உண்மை. ஆனால் அதே மே மாதம்தான் ஐபிஎம் பங்கு ஒன்றுக்கு இரண்டாகப் பிரிக்கப்பட்டது, நான்கு வருடமாக நடந்த சீரமைப்பின் பலன் கணக்குகளில் தெரியத் தொடங்கியிருந்தது, மொத்தச் சந்தையுமே அப்போது ஏறுமுகம். இவ்வளவுக்கும் நடுவில் ஒரு செஸ் போட்டியின் பங்கை மட்டும் பிரித்து எடுக்க வழியே இல்லை. 'இத்தனை கோடி டாலர் பெறுமான இலவச விளம்பரம் கிடைத்தது' என்று வரும் எண்களையும் அதே சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். அந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று எனக்குத் தெரியும், நானே தயாரித்திருக்கிறேன். பத்திரிகையில் செய்தி எத்தனை அங்குலம் வந்தது, டிவியில் எத்தனை விநாடி வந்தது என்று அளந்து, அதே இடத்தை விளம்பரமாக வாங்கியிருந்தால் என்ன விலையோ அதால் பெருக்குவார்கள். செய்தியில் கம்பெனியைத் திட்டியிருந்தால்கூட அந்த அங்குலம் கணக்கில் சேரும். ஸ்பான்சரின் மேலதிகாரியைச் சமாதானப்படுத்த அந்த எண் உதவும், வேறு எதற்கும் உதவாது. பெரிய விளம்பரம் கிடைத்தது என்பது நிச்சயம். அது எவ்வளவு என்பது வெறும் பேச்சு.

அந்த விளம்பரம் எதை விற்றது என்று பார்த்தால் இன்னும் கொஞ்சம் தெளியும். டீப் ப்ளூவை ஐபிஎம் யாருக்கும் விற்கவில்லை, விற்கும் எண்ணமும் இல்லை. அதன் உள்ளே இரண்டு பகுதிகள் இருந்தன. ஒன்று ஆர்எஸ்/6000 எஸ்பி என்ற இணைக் கணினி, 30 கணுக்கள் கொண்டது, அதாவது சேர்ந்து வேலை செய்யும் 30 கணினிகள். இது ஐபிஎம் கம்பெனிகளுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த சரக்கு. இன்னொன்று, செஸ் நகர்த்தல்களைத் தேட மட்டுமே செய்யப்பட்ட 480 தனிச் சில்லுகள். விநாடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்தது அந்தச் சில்லுகளின் பலத்தில்தான், அவற்றை வைத்து வேறு ஒரு வேலையும் செய்ய முடியாது. ஆனால் ஐபிஎம் தரப்பில் பேசியபோதெல்லாம், இந்தத் தொழில்நுட்பம் நாளை மருந்து கண்டுபிடிக்கவும் நிதிச் சந்தை அபாயத்தைக் கணிக்கவும் உதவும் என்றார்கள். சட்டத்துக்குட்பட்ட சாமர்த்தியம் அது. ஜெயித்தது சில்லு, பேர் வாங்கியது அதைத் தாங்கிய பெட்டி. முழுப் பொய் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் வேலையைப் பல கணுக்களுக்குப் பிரித்துக் கொடுப்பதில் அந்தக் குழு கற்றது நிஜமாகவே பொதுப் பயனுள்ள பாடம். முழு உண்மை என்றும் சொல்ல முடியாது.

இப்போது மறுபோட்டிக்கு வருகிறேன். ஒரு கம்பெனியின் பக்கம் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். 1996ல் தோற்றார்கள், அதில் நஷ்டம் ஏதும் இல்லை. ஏனென்றால் முதல் ஆட்டத்தை இயந்திரம் வென்றிருந்தது, நடப்பு உலக சாம்பியனை முழு நேரக் கட்டுப்பாட்டில் ஒரு கணினி வென்ற முதல் ஆட்டம் என்று அதுவே தலைப்புச் செய்தி ஆனது. மனிதன் ஜெயித்தால் 'இன்னும் வளர்கிறது' என்று சொல்லிக்கொள்ளலாம், இயந்திரம் ஜெயித்தால் சரித்திரம். எப்படி விழுந்தாலும் லாபம்தான். ஆனால் இந்தச் சூழ்நிலை ஒரே ஒரு முறை வெல்லும்வரைதான். 3.5-2.5 என்று வென்ற மறுநாள் கணக்கு தலைகீழாக மாறிவிடுகிறது: அடுத்த போட்டியில் வென்றால் அது பழைய செய்தி, தோற்றால் முதல் வெற்றியே குருட்டு அதிர்ஷ்டம் என்பார்கள். ஆறு ஆட்டத்தில் ஒரு புள்ளி வித்தியாசம், அதுவும் கடைசி ஆட்டத்தில் வந்தது, எதிரே இருப்பவரோ இப்போது இயந்திரத்தின் ஆட்டத்தைப் பார்த்துவிட்ட, கோபத்தில் இருக்கும் காஸ்பரோவ். என் அனுபவத்தில், கோப்பை வென்ற அணியை அந்த வருடத்தோடு விட்டு விலகிய ஸ்பான்சர்கள் உண்டு, உச்சியில் இருக்கும்போது இறங்குவதுதான் மலிவு என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே மறுபோட்டியை மறுத்தது ஏமாற்றியதற்குச் சாட்சி ஆகாது. என்ன வாங்க வந்தார்களோ அதை வாங்கிவிட்டார்கள் என்பதற்குத்தான் சாட்சி. இது விளையாட்டு மரபுப்படி நியாயமா என்றால், இல்லை. 1996ல் தோற்ற ஐபிஎம்முக்கு காஸ்பரோவ் மறு வாய்ப்புக் கொடுத்தார், அவர் கேட்டபோது கதவைச் சாத்தியது எனக்கு இன்றும் அசிங்கமாகத்தான் படுகிறது. இயந்திரத்தின் ஒரு பகுதி ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கும் இன்னொரு பகுதி கலிபோர்னியாவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் போய்விட்டது.

அப்புறம் அந்தச் சந்தேகம். அது எங்கிருந்து வந்தது என்று தெரியாதவர்களுக்காக: இரண்டாவது ஆட்டத்தில், ராணியை எதிரி எல்லைக்குள் கொண்டுபோய் சிப்பாய்களைச் சுருட்டிக்கொள்ளும் வழி திறந்து கிடந்தது. அன்றைய கணினிகள் கிடைத்த காயை விடாது, அது அவற்றின் சுபாவம். டீப் ப்ளூ அதைத் தொடவில்லை. சிப்பாயை மாற்றிக்கொண்டு, அடுத்த நகர்த்தலில் மந்திரியை நடுவே கொண்டுவந்து நிறுத்தி, எதிராளிக்கு அசைய இடமில்லாமல் மெதுவாக இறுக்கியது. காஸ்பரோவ் அதில் ஒரு கிராண்ட்மாஸ்டரின் கையைப் பார்த்தார். மனம் உடைந்து ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார், விட்டுக்கொடுத்த நிலையில் தொடர்ந்து செக் கொடுத்துச் சமன் செய்ய ஒரு வழி இருந்திருக்கிறது என்று பிறகு தெரிந்தது, அதைக் கேட்டதும் இன்னும் உடைந்தார். பத்திரிகையாளர்கள் முன் கால்பந்தில் மாரடோனா கையால் தட்டி அடித்த 'கடவுளின் கை' கோலை நினைவுபடுத்தினார். கணினியின் பதிவேடுகளைக் கேட்டார், போட்டியின்போது தரவில்லை, ஐபிஎம் பிற்பாடுதான் அவற்றைத் தன் தளத்தில் வெளியிட்டது. விதிப்படி ஆட்டங்களுக்கு நடுவே குழு நிரலைத் திருத்தலாம், ஜோயல் பெஞ்சமின் முதலான கிராண்ட்மாஸ்டர்கள் அதற்காகவே சம்பளத்தில் இருந்தார்கள். ஆறாவது ஆட்டத்தில் குதிரையைப் பலி கொடுத்த அந்த நகர்த்தலைக்கூட அன்று காலையில்தான் நிரலின் திறப்புகள் (ஆட்டத் தொடக்க நகர்த்தல்கள்) பட்டியலில் சேர்த்தோம் என்று குழுவில் இருந்த மிகேல் இல்லெஸ்காஸ் பின்னாளில் சொன்னார். அது விதிக்கு உட்பட்டதுதான். ஆட்டம் நடக்கும்போது மனிதன் நகர்த்தலைச் சொன்னான் என்பதற்கு மட்டும் இத்தனை வருடத்தில் ஒரு ஆதாரமும் வெளிவரவில்லை. காஸ்பரோவே 2017ல் எழுதிய நூலில் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து பெருமளவு பின்வாங்கினார், ஐபிஎம் நடந்துகொண்ட விதத்தின் மேல் இருந்த கசப்பை மட்டும் விடவில்லை. என் கருத்தும் கிட்டத்தட்ட அதுதான். ஒரு கிராண்ட்மாஸ்டர் உள்ளிருந்து உதவியிருந்தால் அந்தச் சமன் செய்யும் ஓட்டையை விட்டுவைத்திருப்பாரா என்ற கேள்விக்கு இதுவரை எனக்கு நல்ல பதில் கிடைக்கவில்லை.

ஐபிஎம்மின் மௌனம் ஏன் இவ்வளவு சந்தேகத்தைக் கிளப்பியது என்பதைப் புரிந்துகொள்ள, அதற்குப் பின் வந்த போட்டிகளோடு வைத்துப் பாருங்கள். 2002ல் பஹ்ரைனில், காஸ்பரோவைத் தோற்கடித்துப் பட்டம் வென்றிருந்த கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸ் நிரலோடு ஆடி 4-4 என்று சமன் செய்தார். 2006ல் ஜெர்மனியின் பான் நகரில் அதே நிரலின் புதிய பதிப்பிடம் 2-4 என்று தோற்றார். இரண்டிலும் நிரலை அவருக்கு முன்கூட்டியே கொடுத்து வீட்டில் வைத்துப் பயிற்சி எடுக்க விட்டார்கள். பானில் ஒரு படி மேலே போய், திறப்பு நகர்த்தல்கள் நடக்கும்போது கணினி தன் பட்டியலில் எதைப் பார்க்கிறது என்பதை அவர் தன் திரையிலேயே பார்க்கலாம் என்றும் விதி வைத்தார்கள். எவ்வளவு பெருந்தன்மை என்று தோன்றும். 1997ன் சர்ச்சையிலிருந்து பாடம் படித்தார்கள் என்பது ஒரு காரணம். ஆனால் ஃபிரிட்ஸை வெளியிட்ட ஹாம்பர்க் கம்பெனியான செஸ்பேஸ் அந்த நிரலைத்தான் கடையில் விற்றுப் பிழைத்தது. காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும் பொருளைக் கிராம்னிக்கிடமிருந்து மறைக்க என்ன இருக்கிறது? அவர் அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் படமே நல்ல விளம்பரம். ஐபிஎம்முக்கு நிரல் சரக்கு இல்லை, ஒரு மர்மமான பெரிய கறுப்புப் பெட்டி என்ற தோற்றம்தான் சரக்கு. திறந்து காட்டினால் மர்மம் போய்விடும். ரகசியம் காப்பதும் காக்காததும் குணத்தைப் பொறுத்தது என்பதைவிட, எதை விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது என்று எனக்குப் படுகிறது.

இன்டெல்லின் கதை வேறு மாதிரி. அவர்கள் 1994ல் வேக ஆட்டப் போட்டித் தொடர் ஒன்றையே எடுத்து நடத்தினார்கள், காஸ்பரோவ் தொடங்கிய சங்கத்தின் முக்கிய ஸ்பான்சரும் அவர்கள்தான். லண்டனில் நடந்த சுற்றில் பென்டியம் கணினியில் ஓடிய செஸ் ஜீனியஸ் என்ற நிரலும் ஒரு போட்டியாளர். முதல் சுற்றிலேயே அது காஸ்பரோவை வெளியேற்றியது, பிறகு அரையிறுதியில் ஆனந்திடம் தோற்றது. தான் காசு கொடுத்து நடத்தும் போட்டியில் தன் நட்சத்திரமே முதல் நாளில் வெளியே போனால் எந்த ஸ்பான்சரும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார். இன்டெல்லுக்கு அந்தக் கவலை கிடையாது, நட்சத்திரத்தை வெளியேற்றியதே அவர்கள் சில்லுதான். மறு வருடம் நியூயார்க்கில் உலக வர்த்தக மையத்தின் உச்சியில் காஸ்பரோவும் ஆனந்தும் மோதிய உலக சாம்பியன்ஷிப்புக்கும் அவர்களே ஸ்பான்சர். அதோடு விலகிவிட்டார்கள். தங்கள் தொழில் போட்டியாளரான ஐபிஎம்மோடு ஆட காஸ்பரோவ் ஒப்புக்கொண்டதால்தான் கோபித்துக்கொண்டு போனார்கள் என்பது செஸ் உலகத்தில் பிரபலமான கதை. நம்பத் தகுந்ததுதான், ஏனென்றால் தன் தூதரை எதிரி விளம்பரத்தில் பார்க்கும் கம்பெனி சும்மா இருக்காது. ஆனால் ஸ்பான்சர் ஒப்பந்தம் முடிந்தால் புதுப்பிக்காமல் போவது தினசரி நடப்பது, அதற்குக் கோபம் தேவையில்லை. அதனால் இதை நான் வதந்திப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன்.

இந்தப் போட்டிகளிலேயே நோக்கம் ஒளிவுமறைவே இல்லாமல் பச்சையாகத் தெரிந்தது 2003 நவம்பரில், நியூயார்க்கில். காஸ்பரோவுக்கும் எக்ஸ்3டி ஃபிரிட்ஸுக்கும் நான்கு ஆட்டம். மேஜையில் பலகையும் இல்லை, காயும் இல்லை. எதிரே ஒரு திரை, அதில் பலகை காற்றில் மிதப்பது போல் தெரியும், அப்படித் தெரிய அவர் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்ள வேண்டும், நகர்த்தலை வாயால் சொல்ல வேண்டும். சிறு வயதிலிருந்து மரக் காயைத் தொட்டு ஆடிப் பழகிய மனிதர், உலகத்தின் முதல் நிலை வீரர், முப்பரிமாணக் கண்ணாடி போட்டுக்கொண்டு காற்றைப் பார்த்து யோசிக்கிறார். ஸ்பான்சர் எக்ஸ்3டி டெக்னாலஜீஸ் விற்றது அந்தக் கண்ணாடித் தொழில்நுட்பத்தைத்தான். ஈஎஸ்பிஎன் அதை ஒளிபரப்பியது. செஸ்ஸில் ஸ்பான்சருக்குப் பிடித்தமான ஒரு விஷயம், யோசிக்கும் முகத்தின் மேல் கேமரா நிமிடக்கணக்கில் நிற்கும். அதனால் நாங்களெல்லாம் வீரரின் தலைக்குப் பின்னால் லோகோ எந்த உயரத்தில் வர வேண்டும் என்று அடிமட்டம் வைத்துச் சண்டை போடுவோம். இவர்கள் பொருளை முகத்திலேயே மாட்டிவிட்டார்கள். போட்டி 2-2 என்று சமன் ஆனது.

பான் போட்டியின் ஸ்பான்சர் ஆர்ஏஜி, ஜெர்மனியின் நிலக்கரிக் கம்பெனி. சுரங்கக் கம்பெனிக்கும் செஸ் நிரலுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்குப் பலர் கேட்டார்கள். மறு வருடம் செப்டம்பரில் அந்தக் கம்பெனியின் ரசாயனம், மின்சாரம், ரியல் எஸ்டேட் தொழில்களெல்லாம் சேர்ந்து எவோனிக் என்ற புதுப்பெயரில் வெளியே வந்தன. 2008ல் அதே பானில் ஆனந்தும் கிராம்னிக்கும் ஆடிய உலக சாம்பியன்ஷிப்பின் ஸ்பான்சர் எவோனிக். கரி படிந்த பெயரைக் கழற்றிவிட்டு எதிர்காலத்தின் பெயரைப் போட்டுக்கொள்ளப் போகிற கம்பெனி, அதற்குக் கொஞ்சம் முன்பே மூளை, இயந்திரம், எதிர்காலம் என்ற வாடையைப் பூசிக்கொண்டது என்று நான் படிக்கிறேன். இது என் ஊகம், தேதிகள் மட்டும் நிஜம். கிராம்னிக்குக்குத் தோற்றாலும் பெருந்தொகை உண்டு, வென்றால் அது இரட்டிப்பு. இரண்டாவது ஆட்டத்தில் அவர் ஒரே நகர்த்தலில் மேட் ஆவதைக் கவனிக்காமல் ராணியை நகர்த்தினார், கணினி உடனே மேட் வைத்தது, அந்தப் படம் உலகமெல்லாம் சுற்றியது. பாவம் கிராம்னிக், ஆனால் ஸ்பான்சருக்கு அதைவிட நல்ல நாள் அந்தப் போட்டியில் இல்லை. பஹ்ரைன் போட்டியும், 2005ல் லண்டனில் கிராண்ட்மாஸ்டர் மைக்கேல் ஆடம்ஸை 5.5-0.5 என்று நொறுக்கிய ஹைட்ரா என்ற செஸ் கணினியும் வளைகுடாப் பணம். ஹைட்ராவுக்குச் செலவழித்தது அபுதாபியைச் சேர்ந்த பிஏஎல் (PAL) குழுமம். நாட்டின் பெயரை எண்ணெயைத் தவிர்த்து வேறு ஏதாவதோடு சேர்த்து உச்சரிக்க வைப்பதற்கான செலவு என்று புரிந்துகொண்டால் போதும்.

ஐபிஎம் போட்ட பாதையில் கூகுள் எவ்வளவு தூரம் நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஆட்டம் செஸ் இல்லை, கோ. 2016 மார்ச்சில் சியோலில் கூகுளின் டீப்மைண்ட் செய்த ஆல்ஃபாகோ நிரல், கோ ஆட்ட வீரர் லீ செடோலை 4-1 என்று வென்றது, பரிசு 10 லட்சம் டாலர், அது நன்கொடையாகப் போனது. மே மாதமே, செயற்கை நுண்ணறிவு வேலைக்கான தன் சொந்த டிபியு சில்லைப் பற்றிக் கூகுள் வெளியில் சொன்னது, ஆல்ஃபாகோ ஓடியது அதன் மேல்தான் என்ற தகவலோடு. 2017 மே மாதத்தில் அடுத்த தலைமுறை டிபியுவை, கிளவுடில் வாடகைக்கு எடுக்கலாம் என்று அறிவித்தார்கள், சில நாளிலேயே சீனாவின் வூசெனில் கோ வீரர் கே ஜியேவை 3-0 என்று வென்றார்கள், உடனே ஆல்ஃபாகோவுக்கு ஓய்வு அறிவித்தார்கள். ஜெயித்த கையோடு மூட்டை கட்டுவது இங்கேயும் அச்சுப் பிசகாமல் அதேதான், ஆனால் ஏமாற்றினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. வித்தியாசம் நிறைய இருந்தது, முறையை நேச்சர் இதழில் எழுதினார்கள், போகும்போது ஆல்ஃபாகோ தன்னோடு தானே ஆடிய 50 ஆட்டங்களையும் வெளியிட்டுவிட்டுப் போனார்கள். ஐபிஎம் 1997ல் இதில் பாதி செய்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, 'நாடகம்தானே' என்ற சொல்லை நான் ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கம்பெனியின் நோக்கம் வேறு, உள்ளே வேலை செய்தவர்களின் நோக்கம் வேறு. டீப் ப்ளூவின் சில்லை வடிவமைத்த ஃபெங்-சியுங் சூ இந்த வேலையை 1985 வாக்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது தொடங்கினார், ஐபிஎம்மின் கண்ணில் படுவதற்கு முன்பே. சூவையும் உடன் வேலை செய்த முர்ரே கேம்பெலையும் ஐபிஎம் வேலைக்கு எடுத்தது 1989ல். எட்டு வருடம் ஒரே பிரச்சினையோடு மல்லுக்கட்டிய அவர்கள் பங்கு விலைக்காக அதைச் செய்தார்கள் என்றால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். சூ பின்னாளில் ஐபிஎம்மை விட்டு வெளியே வந்து, அந்தச் சில்லு வடிவமைப்பைப் பயன்படுத்தும் உரிமையையும் வாங்கிக்கொண்டு, தனியாக ஒரு மறுபோட்டி நடத்த முயன்றதாக எழுதியிருக்கிறார். அது நடக்கவில்லை. நீங்கள் கேட்கும் மறுபோட்டியை உண்மையில் வேண்டியவர்கள் இரண்டு பேர், ஒருவர் காஸ்பரோவ், இன்னொருவர் அவரைத் தோற்கடித்த இயந்திரத்தைச் செய்தவர். வேண்டாம் என்றது இருவருக்கும் நடுவில் இருந்த விளம்பரக் கணக்கு.

இன்றைக்கு இப்படி ஒரு போட்டி நடக்குமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். சமமான ஆட்டமாக நடக்காது, முடிவு முன்பே தெரிந்த போட்டிக்கு யாரும் காசு போட மாட்டார்கள். கணினி ஒரு காயையோ சில நகர்த்தல்களையோ விட்டுக்கொடுத்து ஆடும் போட்டிகள் உண்டு. 2016 ஜனவரியில் ஹிகாரு நகமுரா அப்படி கொமோடோ நிரலோடு நான்கு ஆட்டம் ஆடி 1.5-2.5 என்று தோற்றார், நடத்தியது செஸ்.காம் தளம். 2018ல் அந்தக் கொமோடோவையே செஸ்.காம் விலைக்கு வாங்கிவிட்டது.